துண்டுக்குள் வாங்கிய கார்

காரின் பானட் மேல் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. அதற்கு அடியில் என் வீட்டுக்காரரின் வலது கையும் மாட்டுத் தரகர் சாமிக்கண்ணுவின் வலது கையும் பேசிக்கொண்டிருந்தன.

துண்டு லேசாக ஏறும், இறங்கும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தரகர் முகத்தைப் பார்த்தேன். அவர் இன்றைக்கு மழை வருமா வராதா என்ற யோசனையில் இருப்பவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாங்க வந்தது மாடு அல்ல. டீசல் அம்பாசடர். வெள்ளை நிறம், பின் சீட்டுக்குப் பூ வேலை செய்த உறை, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. விற்கிறவர் திருப்பனந்தாளுக்கு அப்பால் ஒரு கிராமத்து மிராசுதார். பங்களா தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் பக்கமே திரும்பாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவினார், தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். அந்த வெற்றிலை வெந்தே போயிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சுது. நல்லபடியா ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

என்ன விலைக்கு முடிந்தது? எனக்குத் தெரியாது. அந்த முற்றத்தில் வேடிக்கை பார்த்து நின்ற யாருக்கும் தெரியாது.

டேப் ரிக்கார்டருக்குள் இருந்த அப்பா

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் வீட்டுக்காரர் பெயரை நான் எழுதவே இல்லை என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் இப்போதும் கை கூசுகிறது அம்மா. நான் 'அவர்' என்றால் அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் போட்டுவிடுகிறேன்.

அவர் துபாயில் ஒரு கம்பெனி அதிகாரிக்கு டிரைவராக இருந்தார். தாராசுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது குத்தகை நிலம். மூன்று அண்ணன் தம்பிகளுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? அதனால் கடைக்குட்டியான அவர் விமானம் ஏறினார். ஒரு தடவை போனால் இரண்டு வருஷம். வந்து நாற்பது நாள் நிற்பார். மறுபடி இரண்டு வருஷம்.

அப்போதெல்லாம் கடிதத்தைவிட கேசட்தான் உசத்தி. அங்கேயிருந்து பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்போம். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி என் மகளிடம், "உங்கப்பா எங்கடி இருக்காரு?" என்று விளையாட்டாகக் கேட்டாள். குழந்தை நேராகப் போய் டேப் ரிக்கார்டரைத் தட்டிக் காட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அந்தத் தடவை அவர் வந்ததும் அதைச் சொன்னேன். அவர் ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு முடிவு சொன்னார்.

"நல்லதா ஒரு டீசல் வண்டி கிடைச்சா வாடகைக்கு ஓட்டிக்கிட்டு இங்கேயே இருந்துடறேன். கிடைக்கலைன்னா ஏஜெண்டுகிட்ட பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு மறுபடி விமானம் ஏறிடறேன். வேற வழி தெரியலை எனக்கு."

பெட்ரோல் வண்டி என்றால் சம்பாதிப்பதையெல்லாம் அதுவே குடித்துவிடும் என்பது அவர் கணக்கு. டீசல்தான் வேண்டும். அதுவும் பழைய வண்டி. புது வண்டி வாங்குகிற யோகம் எங்களுக்கு எங்கே? அவருடைய வளைகுடா உழைப்பும் என் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்தால் ஒரு பழைய வண்டி வரும். இது தவறினால் அடுத்ததற்குக் கையில் ஒன்றும் இருக்காது. கும்பகோணத்து ஏஜெண்ட் வேறு, வெள்ளிக்கிழமை வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விலை சொல்ல வாய் வராதவர்

அந்த மிராசுதாருக்கு எங்கள் ஊர்ப் பக்கமும் நிலம் இருந்தது. என் மாமனார் அவரிடம்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாமனார் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். பதிந்துவிட்டால் குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு லேசில் எழுப்ப முடியாது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்தக் காலத்தில் ஆட்சி இந்தக் கட்சியிடம் இருக்கும், அப்புறம் அந்தக் கட்சியிடம் போகும். மேடையில் இரண்டு பேரும் உழுகிறவனைப் பற்றித்தான் பேசுவார்கள். கீழே வயலில் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, கோர்ட்டு வழக்கு என்று அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அறுவடை வந்தாலே வயல் வரப்பெல்லாம் செங்கொடியும் போலீசுமாக இருக்கும். மிராசுதாரின் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, "எல்லாத்தையும் வித்துட்டு வந்துடுங்கப்பா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் காரை விற்கக் கிளம்பினார்.

விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் என்னவர் நேரில் போய்ப் பேசினார். "பழசெல்லாம் மறந்துடுங்கய்யா, வண்டியை எனக்குக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். மிராசுதாருக்கும் மனசு இருந்தது. ஆனால் பழைய குத்தகைக்காரன் மகனைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு பணம் வேண்டும்" என்று சொல்ல வாய் வரவில்லை. முற்றத்தில் பங்காளிகள், வேலைக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள். "மிராசுதார் இந்த விலைக்கா வித்தாரு" என்று ஊர் பேசினால் அவர் மானம் போய்விடும்.

அதனால்தான் சாமிக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினார். அந்தப் பண்ணையில் எத்தனையோ ஜோடி மாடு அவர் துண்டுக்குள்தான் கைமாறியிருக்கிறது. துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்தால் ஒரு தொகை, மடக்கினால் ஒரு தொகை. முதலில் விற்கிறவரோடு பேசுவார், அப்புறம் வாங்குகிறவரோடு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் விளங்காது.

வந்த மனிதர் காரையும் மாடாகவே பார்த்தார். சுற்றி வந்தார். பின்பக்கம் தட்டினார். பானட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு பாக்க முடியலையே" என்று வருத்தப்பட்டார். என்னவர் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, கீழே படுத்துப் பார்த்து, முகம் மலர எழுந்து வந்தார். எனக்கு அது போதும்.

துண்டு பேசி முடிந்தபின் உள்ளறையில் பணம் கைமாறியது. ஆர்.சி. புத்தகம் வந்தது. மிராசுதார் தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்து, என்னவர் தோளில் கை வைத்தார்.

"விலை மட்டும் நாலு பேர் காதுல விழவேண்டாம் தம்பி."

"என் வாயால வராதுங்க. சத்தியம்" என்றார் இவர்.

நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று சாமிக்கண்ணு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின் சீட்டில், பச்சைத் திரைக்குப் பின்னால், அரண்மனைக்காரி மாதிரி உட்கார்ந்தேன்.

மண்ணியாற்றுப் பாலம்

அந்தப் பவிசு பாலம் வரைக்கும்தான்.

குறுவை அறுவடை நேரம். கூலி நெல் கூட்டிக் கேட்டு ஒரு வாரமாக வேலைநிறுத்தம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்க்க, கூலிக்காரர்கள் மறிக்க, ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் குறுக்கே பாறாங்கல்லும் மாட்டு வண்டிச் சக்கரமும் கிடந்தன. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். பாதிப் பேர் கையில் கருக்கரிவாள்.

வண்டியைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எங்களை அவர்களுக்குத் தெரியாது. வண்டியைத் தெரியும்.

கூட்டத்துக்கு முன்னால் வந்தவர் சங்கத் தலைவர் பக்கிரிசாமி. நல்ல உயரம், தோளில் சிவப்புத் துண்டு. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

"வண்டி யாருது?"

"எங்களுதுங்க" என்றார் இவர்.

"எப்பலேர்ந்து?"

"இப்பதாங்க. செத்த முன்னாடி வாங்கினோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவன், "போன வாரம் வெளியூர் ஆளு பிடிக்க இந்த வண்டிதானே போச்சு? இப்ப உன்னுதாயிடுச்சா?" என்று கத்தினான்.

பக்கிரிசாமி கையமர்த்தினார். "நீ மிராசுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. எங்கப்பா அவருகிட்ட குத்தகைக்குச் செஞ்சாரு. அவ்வளவுதான்."

என்னவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த இடத்தில் அதுதான் வினையாகப் போயிற்று. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபின் பெரிய நிலக்காரர்கள் எத்தனையோ பேர் நிலத்தைச் சமையல்காரன் பேரிலும் பழைய குத்தகைக்காரன் பேரிலும் எழுதிவைத்துக்கொண்டு தாங்களே அனுபவித்தார்கள். பினாமி என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"அப்படிச் சொல்லு" என்றார் பக்கிரிசாமி. "வண்டியை எரிச்சுடுவோம்னு பயந்து உன் பேருக்கு மாத்திட்டாரா? நெலத்துக்குத்தான் பினாமி பாத்திருக்கேன். காருக்குமா?"

இவர் ஆர்.சி. புத்தகத்தை நீட்டினார். பக்கிரிசாமி வாங்கக்கூட இல்லை. "பினாமின்னா பேப்பரெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும். அது கெடக்கட்டும். காசு குடுத்து வாங்கினியா?"

"ஆமாங்க."

"எவ்வளவு குடுத்தே?"

இவர் சாமிக்கண்ணுவைப் பார்த்தார். சாமிக்கண்ணு ஆற்றைப் பார்த்தார்.

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேங்க."

"ஏம்மா, நீ சொல்லு. என்ன வெலை?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"பொண்டாட்டிக்கே தெரியாத வெலையாம்டா!"

அவ்வளவுதான். கூட்டம் வண்டியை நெருக்கியது. யாரோ பானட்டைக் குத்தினார்கள். ஒருவன் பாலத்து ஓரத்திலிருந்து கல்லைக் கையில் எடுத்துவிட்டான். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்தக் கல்லையே பார்த்தேன். கண்ணாடி உடையும். அப்புறம் விளக்கு, அப்புறம் எஞ்சின். வெள்ளிக்கிழமை ஏஜெண்ட் வருவார், பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டியதுதான்.

எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியவில்லை. இறங்கிப் போய் முன் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"உடைங்க. நல்லா உடைங்க. ஆனா நாளைக்கு இவரை நீங்கதான் துபாய்க்கு ஏத்தி விடணும். இந்த வண்டி ஓடலைன்னா இவர் போயிடுவாரு. என் பொண்ணு அப்பான்னா டேப் ரிக்கார்டரைக் காட்டுதுங்க. நீங்க வந்து அதுக்குப் பதில் சொல்லுங்க!"

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. கல்லை எடுத்தவன் கை தாழ்ந்தது. கூட்டத்தில் ஒரு பெண், "ஐயோ பாவம், எம் மச்சான் மவனும் அங்கதான் இருக்கான்" என்றாள். ஆனால் வழி மட்டும் விடவில்லை. பாவம் பார்ப்பது வேறு, நம்புவது வேறு. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சிவப்புத் துண்டு

பக்கிரிசாமி அப்போதுதான் முன் சீட்டில் இருந்தவரைச் சரியாகப் பார்த்தார்.

"யோவ், நீ மாட்டுத் தரகு சாமிக்கண்ணு இல்ல? நீ எங்க இதுல?"

"வியாபாரத்தை முடிச்சு வச்சது நான்தான்."

"எப்படி?"

"எப்பவும் போலத்தான். துண்டைப் போட்டு."

"காரையா!" என்றார் பக்கிரிசாமி. அவர் முகத்தில் முதல் தடவையாகக் கோபத்தைத் தவிர வேறு ஒன்று வந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னவரைப் பார்த்து, "நீ எறங்கி அந்தக் கடைசிக்குப் போயி நில்லு" என்றார்.

இவர் பாலத்தின் மறுகோடிக்குப் போய் நின்றார். இரண்டு பேர் காவலுக்குக் கூடவே போனார்கள். பக்கிரிசாமி தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்துச் சாமிக்கண்ணுவின் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டார். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. துண்டு ஒரு தடவை அசைந்தது. பக்கிரிசாமி கையை எடுத்துக்கொண்டு மறுகோடிக்கு நடந்தார்.

அங்கே என்னவர் கைமேல் துண்டைப் போட்டார்.

"காதுல விழக் கூடாதுன்னுதானே வாக்கு? என் கையில சொல்லு. யாருக்கும் கேக்காது."

இவர் தயங்கினார். சாமி சத்தியமாக அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. விரலைப் பிடித்துத் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். கடைசியில் துண்டு அசைந்தது.

பக்கிரிசாமி சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அந்தத் துண்டாலேயே துடைத்துக்கொண்டார்.

"வழி விடுங்கப்பா. நெசமான வியாபாரந்தான்."

"எப்படித் தோழர் சொல்றீங்க?" என்றான் கல்லை எடுத்தவன்.

"ரெண்டு கையும் ஒரே வெலைதான் சொல்லுது. அதுவும் இந்த வெலையை எந்தப் பினாமியும் குடுக்க மாட்டான்டா. மிராசு இவரை நல்லாக் கறந்துட்டாரு!"

பாலமே சிரித்தது. என்னவர் முகம் விழுந்துவிட்டது. சாமிக்கண்ணு, "அதெல்லாம் இல்ல, நியாயமான வெலைதான்" என்று முனகிக்கொண்டே ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பானட்மேல் சாய்ந்தேன். புருஷன் ஏமாந்துவிட்டான் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவி தஞ்சை ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கல்லை நகர்த்திக்கொடுத்தார்கள். கிளம்பும்போது இரண்டு பெண்கள், பாவம் பார்த்தவளும் இன்னொருத்தியும், "சோழபுரம் வரைக்கும் வரலாமா?" என்று கேட்டார்கள். ஏறச் சொன்னேன். கால் சேறு பட்டுவிடுமே என்று சீட்டு நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒருத்தி மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள்.

"மெத்துமெத்துன்னுதான் வச்சிருக்காரு மிராசு" என்றாள்.

"நல்லா சாஞ்சுக்கங்க. இப்ப எங்க வண்டிதானே" என்றேன்.

அந்த அறுவடைக்குக் கூலி கூடியது. அவர்கள் கேட்ட அளவுக்கு இல்லை, கொஞ்சம் குறைச்சலாக. அதற்கு இன்னும் சில மறியல்கள் நடந்தன. பின்னாளில் பக்கிரிசாமி மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் வண்டிதான் போனது. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும், அவ்வளவு கூத்து.

வீடு வந்து சேர்ந்ததும், "இப்பவாவது சொல்லுங்க, என்ன விலை?" என்று கேட்டேன். "கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்" என்றார். சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். வற்புறுத்திக் கேட்டிருந்தால் எவ்வளவு ஏமாந்தோம் என்று எனக்கும் தெரிந்துபோயிருக்கும். எனக்கு எதற்கு அந்த வம்பு?

வெள்ளிக்கிழமை

சொன்னபடி ஏஜெண்ட் வந்தார். வாசலில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்துச் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டார்.

காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "பாஸ்போர்ட் ரெடியா?" என்றார். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னதான் வண்டி வந்துவிட்டாலும், என்னவர் வாயால் சொல்கிறவரைக்கும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 'விலை கொஞ்சம் கூடிப்போச்சு, ஒரே ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்' என்று சொல்லிவிடுவாரோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

"நான் போகலீங்க" என்றார் அவர். "உங்களை அலைய வச்சுட்டேன். பஸ்சுக்கு நிக்க வேண்டாம், வாங்க, கும்பகோணத்துல விட்டுடறேன். அங்க சாயங்காலம் வரைக்கும் ஸ்டாண்டுல நின்னு பாக்கணும்."

ஏஜெண்ட் முன் சீட்டில் ஏறினார். தெருவே வெளியே வந்து நின்றது. இவர் மகளைத் தூக்கி ஹாரனை அமுக்க வைத்தார். அது இறங்க மாட்டேன் என்று அழுதது.

என்னிடம், "போயிட்டு சாயங்காலம் வந்துடறேன். ராத்திரிக்கு ரசம் மட்டும் போதும்" என்றார்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை நான் எத்தனையோ தடவை வழியனுப்பியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில், ரயிலடியில், ஒரு தடவை மீனம்பாக்கத்தில் கம்பிக்கு வெளியே நின்று. போயிட்டு வர்றேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று ஒரு தடவையும் சொன்னதில்லை.

உள்ளே போய்ப் புளியை ஊறவைத்தேன். மணி காலை பத்துகூட ஆகவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்துவிட்டார்.